சவோய் நடனக்கூடத்தை மூடியது யார்?

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் இயங்கிய சவோய் நடனக்கூடம் 1958இல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு இடிக்கப்பட்டது. ஸ்விங் இசையின் காலம் முடிந்தது, இளைஞர்கள் பீபாப் பக்கமும் பிறகு ராக் அண்ட் ரோல் பக்கமும் போனார்கள், ஆட ஆளில்லாத கூடம் தானாக ஓய்ந்தது என்பதே இதற்கு வழக்கமாகத் தரப்படும் விளக்கம். இதில் பாதிதான் உண்மை. ரசனை மாற்றம் சவோயின் வருவாயைக் குறைத்தது. அதன் கதையை முடித்தவை அரசும் நகர நிர்வாகமும் எடுத்த முடிவுகள். நடன வரலாற்றாசிரியர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள்.

1926 மார்ச் 12 அன்று லெனாக்ஸ் அவென்யூவில், 140, 141ஆம் தெருக்களுக்கு இடையே சவோய் திறக்கப்பட்டது. உரிமையாளர் மோ கேல் என்ற வெள்ளையர். நிர்வாகி சார்லஸ் புக்கானன் என்ற கறுப்பினத்தவர். சற்றுத் தள்ளியிருந்த காட்டன் கிளப்பில் ஆடியவர்கள் கறுப்பர்கள், உட்கார்ந்து பார்த்தவர்கள் வெள்ளையர்கள். சவோயில் இரு இனத்தாரும் ஒரே தளத்தில் ஆடினார்கள். அக்கால அமெரிக்காவில் இது மிக அரிது. மேடைகள் இரண்டு அடுத்தடுத்து இருந்தன; ஓர் இசைக்குழு நிறுத்தியதும் மற்றது தொடங்கிவிடும், ஆட்டம் அறுபடாது. 1937 மே 11 இரவு பென்னி குட்மேன் குழுவும் சிக் வெப் குழுவும் மோதியபோது வெப்பே வென்றார் என்று தீர்ப்புச் சொன்னது அந்தத் தளத்தில் நின்ற கூட்டம்தான்.

அத்தளத்தின் வடகிழக்கு மூலைக்குக் ‘கேட்ஸ் கார்னர்’ என்று பெயர். தேர்ந்தவர்கள் மட்டுமே அங்கே ஆடலாம். புதியவர்கள் ஓரமாக நின்று பார்த்துக் கற்றார்கள். சவோயில் ஆடப்பட்ட லிண்டி ஹாப் என்ற இணை நடனம் எப்படி வளர்ந்தது என்பதை 1935இல் நடந்த ஒரு போட்டி காட்டுகிறது. மூத்த ஆட்டக்காரர் ஷார்ட்டி ஸ்னோடனை அவருடைய இணையான பிக் பியா முதுகில் சுமந்தபடி தளத்தைவிட்டு வெளியேறுவது அந்த இணையின் புகழ்பெற்ற முடிப்பு. அதைப் பலமுறை பார்த்திருந்த இளைஞர் பிராங்கி மேனிங், முதுகில் ஏறியவர் அங்கேயே நிற்காமல் உருண்டு மறுபுறம் தாளம் தவறாமல் இறங்கினால் என்ன என்று யோசித்தார். தம் இணையான பிரீடா வாஷிங்டனோடு மெத்தை விரித்துப் பழகி, வெப் குழு வாசிக்கப் போட்டியில் அதை ஆடிக்காட்டினார். லிண்டி ஹாப்பின் முதல் வான்வீச்சு அதுவே என்பார்கள். மூத்தவரின் அசைவைப் பக்கத்தில் நின்று பார்த்து, அவரையே மிஞ்ச முயல்வதுதான் இங்கே பாடமுறை. எழுதப்பட்ட இலக்கணம் எதுவும் இல்லை. அந்த மூலை போனால் பாடமும் போய்விடும்.

முதல் பெரிய அடி 1943 ஏப்ரலில் விழுந்தது. ஒழுக்கக்கேடு நடக்கிறது என்று குற்றஞ்சாட்டி அதிகாரிகள் கூடத்தை மூடினார்கள். அக்டோபரில்தான் மீண்டும் திறக்க முடிந்தது. இரு இனத்தாரும் சேர்ந்து ஆடுவதே உண்மையான உறுத்தல் என்று கறுப்பினப் பத்திரிகைகள் எழுதின. கூடத்தின் வரலாற்றைப் பார்க்கும்போது எனக்கும் அவ்வாறே படுகிறது. 1944இல் கேளிக்கை விடுதிகள் மீது 30 விழுக்காடு மைய அரசு வரி வந்தது. அதே ஆண்டு 20 ஆகக் குறைக்கப்பட்டாலும் 1960 வரை அந்த அளவிலேயே நின்றது. இந்த வரி நேராகச் சவோயைக் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். நடனத்துக்கு இடம் தந்த சிறு விடுதிகளை அது வாட்டியது. பல விடுதிகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, உட்கார்ந்து கேட்கும் இசைக்கு மாறின. ஆட்டக்காரர்களுக்கும் பெரிய குழுக்களுக்கும் பிழைப்புச் சுருங்கியது. போரும் சேர்ந்துகொண்டது. 1943இல் மேனிங் படைக்கு அழைக்கப்பட்டார். அவர் ஆடிவந்த நடனக் குழுவும் கலைந்தது.

ரசனையே காரணம் என்போர் ஒரு கால இடைவெளிக்குப் பதில் சொல்ல வேண்டும். 1946 டிசம்பரில் குட்மேன், ஹாரி ஜேம்ஸ், டாமி டார்சி உட்படப் பல ஸ்விங் இசைக்குழுத் தலைவர்கள் தம் குழுக்களைக் கலைத்தார்கள். ஸ்விங்கோடு சவோயும் மாண்டிருந்தால் அப்போதே மாண்டிருக்க வேண்டும். அதற்குப் பின்னும் அது ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் நடந்தது. கூட்டம் மெலிந்தது உண்மை. ஆனால் மெலிவது வேறு, இடிபடுவது வேறு. சேரிகளை அகற்றிப் புதிய குடியிருப்புகள் கட்டும் திட்டத்துக்குள் அந்த நிலம் போயிற்று. கூடம் நின்ற இடத்தில் டெலானோ வில்லேஜ் அடுக்குமாடிகள் எழுந்தன. வீடு வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. ஹார்லெம் மக்களின் மிகப் பெரிய பொது இடம் ஒன்று அந்தக் கணக்கில் வெறும் மனையாக மட்டுமே எண்ணப்பட்டது என்பதில் நியாயம் இல்லை.

ஆட்டம் மட்டும் சாகவில்லை. 1955க்குப் பின் மேனிங் அஞ்சல் துறையில் வேலை பார்த்து வந்தார். 1984இல் ஸ்வீடன் நாட்டு ஆட்டக்காரர்கள் சவோயின் மற்றொரு பழைய ஆட்டக்காரரான ஆல் மின்ஸை ஸ்டாக்ஹோமுக்கு அழைத்துப் பாடம் கேட்டார்கள். 1986இல் கலிபோர்னியாவிலிருந்து இளைஞர்கள் மேனிங்கைத் தேடி வந்தார்கள். 2009இல் இறக்கும்வரை அவர் பல நாடுகளில் கற்பித்தார். செத்துப்போன ரசனை என்றால் கடல் கடந்து யாரும் தேடி வந்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பாடங்கள் நடந்த இடம் ஹார்லெம் அல்ல, கற்றவர்களில் பெரும்பாலோர் ஹார்லெம் பிள்ளைகளும் அல்லர். கூடத்தோடு அறுந்தது அந்த உறவுதான்.

ஆகவே, நடனக்கூடங்களின் மறைவை ஆராய்வோர் இசைத்தட்டுப் பட்டியல்களோடு நிறுத்திவிடாமல் உரிம ஆணைகள், வரிச் சட்டங்கள், நில எடுப்புக் கோப்புகள் ஆகியவற்றையும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ள வேண்டும்.