விளையாட்டுப் பார்வையாளரின் சூழலறிவு

விளையாட்டுப் போட்டிகளுக்காகும் நீர், எரிபொருள், நிலம் ஆகியவற்றின் செலவையும் அதனால் வரும் கேட்டையும் பார்வையாளர் எவ்வளவு உணர்கிறார் என்பதே அவரது சூழலறிவு. கண்ணில் படுவதை அவர் சட்டென உணர்கிறார். பாதிப்பின் பெரும்பங்கோ கண்ணில் படுவதில்லை.

இதைப் பார்க்கத் தூத்துக்குடி மாவட்டத்தின் கரிசல் காட்டுக் கோவில்பட்டி ஏற்ற இடம். ஹாக்கிக்குப் பெயர்போன இவ்வூரின் கிருஷ்ணா நகர் செயற்கைப் புல்தரையில் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி கோடையில் நடக்கிறது. பொதுவாக ஹாக்கிச் செயற்கைத் தரை காய்ந்துவிட்டால் பந்து சீராக ஓடாது. விழுபவரின் முழங்கால் தோல் உரியும். அதனால் ஆட்டத்துக்கு முன்பும் இடைவேளையிலும் பல ஆயிரம் லிட்டர் தண்ணீர் பீய்ச்சி நனைப்பது வழக்கம். தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வரும் நாளுக்காகக் குடத்தோடு காத்திருந்து பழகிய ஊர்க்காரருக்கு இந்தச் செலவை யாரும் விளக்க வேண்டியதில்லை. நீர் தேவைப்படாத தரைக்கு மாறுவதை இலக்காகப் பன்னாட்டு ஹாக்கிக் கூட்டமைப்பு 2018-இல் அறிவித்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கரும்பிலிருந்து பெற்ற மூலப்பொருளால் பெரும்பகுதி செய்யப்பட்ட, குறைந்த நீரே கேட்கும் தரை விரிக்கப்பட்டது.

கிரிக்கெட்டில் தண்ணீர்ச் சிக்கல் நீதிமன்றம் வரை போனது. 2016 ஏப்ரலில் வறட்சியால் மராட்டிய மாநிலத்தின் லாத்தூருக்கு ரயிலில் குடிநீர் போன அதே வாரத்தில், ஏப்ரல் 30-க்குப் பிந்தைய ஐபிஎல் ஆட்டங்களை மாநிலத்துக்கு வெளியே மாற்றும்படி மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

சில வேளை போட்டி நடத்துபவர்களே விழிப்புணர்வைத் திரையில் காட்டுகிறார்கள். 2023 மே 23 அன்று சேப்பாக்கத்தில் தொடங்கிய ஐபிஎல் இறுதிச் சுற்றுகளில் ஓட்டம் எடுக்கப்படாத ஒவ்வொரு பந்துக்கும் (டாட் பால்) திரையில் புள்ளிக்குப் பதில் பச்சை மரச் சின்னம் தோன்றியது. ஒரு பந்துக்கு 500 மரக்கன்று என்பது அறிவிப்பு. 294 பந்துகளுக்கு 1,47,000 கன்றுகள் என்று கணக்கு வந்தது. மரம் பார்வையாளர் மனத்தில் பதிந்தது; அணிகளின் விமானப் பயணம் திரைக்கு வரவில்லை.

பார்வையாளர் கணக்கில் சேர்க்க மறப்பது தம் பயணத்தைத்தான். 2010 தென்னாப்பிரிக்க உலகக் கோப்பைக் கால்பந்தின் கரி உமிழ்வு ஏறத்தாழ 27.5 லட்சம் டன் என மதிப்பிடப்பட்டது. அதில் மூன்றில் இரண்டு பங்கு பன்னாட்டுப் பயணத்தால் வருவது. சென்னையில் ஐபிஎல் டிக்கெட்டைக் காட்டி 2024-இல் மாநகரப் பேருந்திலும் 2025-இல் மெட்ரோவிலும் கட்டணமின்றிப் போக முடிந்தது. ரசிகர்களை ஈர்த்தது இலவசமும் வண்டி நிறுத்த இடம் தேடும் தொல்லை இல்லாததுமே. இருந்தாலும் உமிழ்வைக் குறைப்பதில் மரச் சின்னத்தைவிட இந்த ஏற்பாடே நேரடியானது.