ரிங்கு சிங் (பேஸ்பால் வீரர்)

ரிங்கு சிங் ராஜ்புத் (பிறப்பு: ஆகஸ்ட் 8, 1988) அமெரிக்காவில் தொழில்முறை பேஸ்பால் ஆடிய இந்திய வீரர்; இடக்கையால் பந்தெறியும் பிட்சர். இதே பெயருடைய அலிகார் கிரிக்கெட் வீரர் வேறொருவர்.

தொடக்கம்
உத்தரப் பிரதேசத்தின் பதோஹி மாவட்டத்தில், ஒன்பது பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் பிறந்தார். தந்தை லாரி ஓட்டுநர். லக்னோவின் குரு கோவிந்த் சிங் விளையாட்டுக் கல்லூரியில் ஈட்டி எறிதல் பயின்றார். முழங்கையை மடக்கி, தோளுக்கு மேலே கொண்டுவந்து வீசும் அந்தப் பழக்கம் பேஸ்பாலுக்குக் கைகொடுத்தது. கிரிக்கெட்டில் பந்துவீசும்போது முழங்கையை இப்படி மடக்கி நீட்ட விதி அனுமதிக்காது.

போட்டியும் ஒப்பந்தமும்
வேகமாகவும் குறி தவறாமலும் பந்தெறியும் இந்தியரைக் கண்டறிய, 2008இல் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற தொலைக்காட்சிப் போட்டி நடந்தது. அதுவரை பேஸ்பாலே ஆடியிராத ரிங்கு, மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்து வென்றார். பரிசு ஒரு லட்சம் டாலர். பின்னர் கலிபோர்னியாவில் பிட்சிங் பயிற்சியாளர் டாம் ஹவுஸ் அவருக்குப் பயிற்சியளித்தார். அந்த நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணி அவரையும், அதே போட்டியில் பங்கேற்ற தினேஷ் பட்டேலையும் ஒப்பந்தம் செய்தது.

ஆட்ட வாழ்க்கை
2009 ஜூலையில், பைரட்ஸின் கீழ்நிலை அணிக்காக கல்ஃப் கோஸ்ட் லீக்கில் அறிமுகமானார். அம்மாதமே, அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால் ஆட்டமொன்றில் வெற்றி பெற்ற பிட்சராகப் பதிவான முதல் இந்தியக் குடிமகன் ஆனார். 2010 இறுதியில் பட்டேலை அணி விடுவித்த பிறகும் ரிங்கு நிலைத்து ஆடினார். ஆஸ்திரேலியாவின் கான்பெரா கேவல்ரி அணிக்கும் எறிந்தார். அவருடைய சிறந்த பருவம் 2012: பைரட்ஸின் துணை அணியான வெஸ்ட் வர்ஜீனியா பவருக்காக 72 இன்னிங்சில் 65 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். சக வீரர்களின் பிழையால் வந்தவை நீங்கலாக, ஒன்பது இன்னிங்சுக்கு அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி 3.00.

காயம்
2013 முதல் கைக்காயம் அவரை முடக்கியது. முழங்கைத் தசைநாரைச் சீராக்கும் 'டாமி ஜான்' அறுவை சிகிச்சை செய்துகொண்டும் அமெரிக்க பேஸ்பாலின் உச்சநிலையான மேஜர் லீக்கை எட்ட இயலவில்லை. 2018இல் டபிள்யூடபிள்யூஈ மல்யுத்தத்தில் சேர்ந்து, 'வீர் மகான்' என்ற பெயரில் அறியப்பட்டார்.

திரைப்படம்
டிஸ்னியின் 'மில்லியன் டாலர் ஆர்ம்' (2014) படத்தில் இவராக நடித்தவர் சூரஜ் சர்மா, இசை ஏ.ஆர். ரகுமான்.

மதிப்பீடு
ஏறத்தாழ இருபது வயதில் புதிதாக ஓர் ஆட்டத்தைக் கற்று, நான்கே ஆண்டுகளில் அதில் தேர்ந்த பிட்சராக உயர்ந்ததே ரிங்குவின் தனிச்சிறப்பு. போட்டியில் வென்றது வேகத்தால். அணியில் நிலைத்தது இடைவிடாத பயிற்சியால்.