சொரிவுடின் – 5-எஃப்.யூ. மருந்து இடைவினை

அக்கி நோய்க்கான சொரிவுடின் என்ற மாத்திரையும் புற்றுநோய்க்கான 5-எஃப்.யூ. வகை மருந்துகளும் ஒருவருக்கு ஒரே காலத்தில் தரப்பட்டதால் 1993-இல் ஜப்பானில் உயிர்களைப் பறித்த இடைவினை இது. அந்த ஆண்டு செப்டம்பரில் சொரிவுடின் விற்பனைக்கு வந்தது. ஏறத்தாழ 40 நாட்களுக்குள் அதை உட்கொண்ட புற்றுநோயாளிகள் 15 பேர் இறந்தனர். உடலுக்குள் 5-எஃப்.யூ.வாக மாறும் டெகாஃபர் போன்ற மாத்திரைகளை அவர்கள் ஏற்கெனவே வீட்டில் சாப்பிட்டு வந்தனர். வாய்ப்புண், இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, வெள்ளணுக்களும் தட்டணுக்களும் சரிதல் என எல்லாமே 5-எஃப்.யூ. அளவு மீறியதன் அறிகுறிகள். ஆனால் யாருக்கும் அந்த மருந்து கூடுதலாகத் தரப்படவில்லை.

உடலில் சேரும் 5-எஃப்.யூ.வில் 80 விழுக்காட்டுக்கும் மேல் டி.பி.டி. என்ற நொதியால், பெரும்பாலும் கல்லீரலில், சிதைக்கப்படுகிறது. மருத்துவர் எழுதும் அளவு இந்தச் சிதைவைக் கணக்கில் கொண்டது. குடலிலுள்ள பாக்டீரியாக்கள் சொரிவுடினை உடைக்கும்போது புரோமோவினைல்யுராசில் உண்டாகிறது, அது டி.பி.டி.யைப் பற்றிக்கொண்டு நிரந்தரமாக முடக்கிவிடுகிறது. உடல் புதிய நொதியை உண்டாக்கும் வரை, வழக்கமான அளவே நஞ்சாகச் சேர்ந்துகொண்டு போகும். சொரிவுடினை நிறுத்தினாலும் ஆபத்து அன்றே நீங்காது. இதே குணமுள்ள பிரிவுடின் என்ற அக்கி மருந்துக்குப் பின் 5-எஃப்.யூ. தொடங்க 4 வாரமாவது காத்திருக்க வேண்டும் என்ற விதி இதனால்தான்.

இந்த இரு மருந்துகளும் சந்தித்தது தற்செயல் அல்ல. எதிர்ப்பாற்றல் குறைந்த புற்றுநோயாளியைத்தான் அக்கி எளிதில் தாக்கும். சொரிவுடினுடன் வைத்த குறிப்புத்தாளில் இதுபற்றிய எச்சரிக்கை இருந்தது. ஆனால் அக்கிக்கு மருந்து எழுதுபவர் வேறொரு மருத்துவர். நோயாளியிடம் புற்றுநோய் என்று சொல்லாமல் மறைப்பது அன்றைய ஜப்பானில் பரவலான வழக்கம். தான் என்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்றே தெரியாதவர் எதைச் சொல்லியிருக்க முடியும்? குறிப்புத்தாளை நம்பி ஒரு மருந்தைச் சந்தையில் விடக் கூடாது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று குறைவு.

நொதியைத் தடுப்பது எப்போதும் விபத்தாக நேர்வதில்லை. மருந்து ஆய்வாளர்கள் கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் இரத்தப் புற்றுநோய்க்கான மெர்காப்டோப்யூரினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கவே அல்லோப்யூரினாலை முதலில் ஆராய்ந்தனர். பிறகு அது கீல்வாத மருந்தாகப் பெயர் பெற்றது. இரண்டையும் சேர்த்துத் தரும்போது மெர்காப்டோப்யூரினை மூன்றில் அல்லது நான்கில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும்.

எதிர்த்திசையிலும் இடைவினை உண்டு. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், இரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிபைக் கல்லீரல் விரைந்து சிதைக்கச் செய்கிறது. மருந்து தவறாமல் சாப்பிட்டும் இரத்தத்தில் போதிய அளவு தங்காது. காசநோய் மிகுந்த இந்தியாவில் இது ஏட்டளவிலான கவலை அல்ல. மனச்சோர்வுக்கான பாராக்செடின், மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்சிஃபென் செயல்வடிவம் பெறுவதைத் தடுக்கிறது. உடலுக்குள் 5-எஃப்.யூ.வாக மாறும் கேப்சிடபினுடன், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சேர்ந்தால் இரத்தக்கசிவு நேரலாம்.

புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், பல்வலிக்கோ தோல் நோய்க்கோ போனாலும், சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் நாட்டு மருந்துப் பொட்டலங்களையும் அப்படியே எடுத்துச்சென்று மருத்துவரிடம் காட்ட வேண்டும். எதையும் தானாக நிறுத்தவும் கூடாது.