மரப்படி 'கிரீச்' என்று கத்துகிறதா? காரணம் இதுதான்!

ராத்திரி 12 மணி. தண்ணீர் குடிக்க மாடியிலிருந்து இறங்குகிறீர்கள். மூன்றாவது படியில் கால் வைத்ததும் 'கிரீச்ச்...'. தூங்கிக்கொண்டிருந்த அம்மா, "யாரது?" என்கிறார்.

ஜூ சியாட், லிட்டில் இந்தியா வட்டாரங்களின் பழைய கடைவீடுகளில் இருப்பவர்களுக்கு இந்தச் சத்தம் நன்றாகவே பழகியிருக்கும்.

ஏன் சத்தம் வருகிறது?

மரம் ஈரத்தை இழுத்துக்கொண்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நம் ஊரில் மழையும் புழுக்கமும் மாறி மாறி வரும். போதாக்குறைக்குப் பழைய வீட்டில் புதிதாக ஏர்கானும் ஓடும். பல ஆண்டுகள் இப்படியே போனால் ஆணிகள் தளர்ந்து பலகைகளுக்கு இடையே சிறு இடைவெளி விழும். மிதிக்கும்போது பலகை அசைந்து, பக்கத்துப் பலகையோடும் ஆணியோடும் உரசுகிறது. அந்த உரசல்தான் காதில் விழுகிறது.

ஆக, அசைவை நிறுத்தினால் சத்தமும் நின்றுவிடும்.

முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

ஒருவர் மெதுவாக ஏறி இறங்கட்டும். இன்னொருவர் படிக்கட்டுக்கு அடியில் நின்று கேட்கட்டும். சத்தம் படியின் முன்விளிம்பிலா, பின்பக்கத்திலா, சுவரோரத்திலா என்று பார்த்து சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள்.

அடியிலிருந்து சரிசெய்வதே நல்லது. மேலே தழும்பு தெரியாது. இடைவெளியில் மெல்லிய மர ஆப்பைப் பசை தடவிச் செருகுங்கள். ஓங்கி அடித்தால் இடைவெளி இன்னும் பெரிதாகிவிடும்! மிதிக்கும் பலகையும் நிற்கும் பலகையும் சேரும் மூலையில் ஒரு சிறு மரக்கட்டையை ஒட்டித் திருகாணி போடலாம். திருகாணி நீளமாக இருந்தால் முனை மேலே எட்டிப் பார்க்கும், கால் ஜாக்கிரதை. பசை காயும்வரை அந்தப் படியை மிதிக்காதீர்கள்.

அடியில் போக வழி இல்லையா? மேலிருந்து, நிற்கும் பலகைக்குள் இறங்கும்படி இரண்டு திருகாணிகளைச் சற்றுச் சாய்வாகப் போட்டு, தலையை மரத்துக்குள் அமிழ்த்தி, மரப்பூச்சால் மூடுங்கள்.

பழைய படிகள் செங்கால் (செங்கல் அல்ல!) போன்ற கடின மரமாக இருக்கலாம். முதலில் மெல்லிய துளை போடாமல் திருகினால் திருகாணி உடையும், அல்லது பலகை பிளக்கும்.

முகப்பவுடர் போட்டால் போதுமா?

இடுக்கில் தூவினால் கொஞ்ச நாள் அடங்கும். மேலே சிந்தியதைத் துடைத்துவிடுங்கள், தாத்தா பாட்டி வழுக்கி விழக்கூடும். எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். படியும் வழுக்கும், பிறகு பசையும் பிடிக்காது.

எப்போது பயப்பட வேண்டும்?

வெறும் சத்தம் பெரும்பாலும் ஆபத்தில்லை. ஆனால் படி மெத்தென்று அமுங்கினால், தட்டும்போது பொள்ளென்று ஒலித்தால், சுவரோரம் மண் கோடுகள் தெரிந்தால் கரையானாக இருக்கலாம். அப்போது ஆப்பு உதவாது. அந்தப் படியைப் பயன்படுத்தாமல் நிபுணரைக் கூப்பிடுங்கள். பழைய பெயிண்டையும் சுரண்டாதீர்கள். அதில் ஈயம் இருக்கலாம்.

சிங்கப்பூரில் பாதுகாக்கப்பட்ட கடைவீடு என்றால் மரப்படிக்கட்டும் பாதுகாக்க வேண்டிய அம்சமே. அதை எடுத்துவிட்டு வேறு படி வைக்க நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதி தேவை. வாடகை வீடா? டிரில்லைக் கையில் எடுக்கும் முன் வீட்டு உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.