பதிவேட்டில் ஏறாத தண்டனை

பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து வெளியே அனுப்பும் கடுமையைப் பெற்றோரால் குறைக்க முடியும். ஆனால் அதற்கு, வெளியே அனுப்பியதாக ஓர் எழுத்து இருக்க வேண்டும். திருப்பதி, சித்தூர் வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை வாதிடுவது இதைத்தான்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 16ஆம் பிரிவில், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்கிறது. ஐந்திலும் எட்டிலும் தேறாதவரை நிறுத்திவைக்க இடம் கொடுத்த 2019 திருத்தமும் இந்தத் தடையைத் தொடவில்லை. தற்காலிகமாக வீட்டுக்கு அனுப்புவது பற்றி மட்டும் சட்டம் வாய் திறக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் "அப்பா அம்மாவக் கூட்டிட்டு வா, இல்லேன்னா வராதே" என்ற வாய்மொழி உத்தரவு நுழைகிறது. அதற்கடுத்தது, "டி.சி. வாங்கிட்டுப் போயிடுங்க." பெற்றோரே கேட்டு வாங்கியதாகக் கையெழுத்தும் இருக்கும், நீக்கியதற்குத் தடயம் இராது.

அலிபிரியில் திருமலைக்குப் படியேறும் பக்தர்களிடம் தேங்காயும் கற்பூரமும் விற்றுப் பிழைக்கும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். காலை பத்து மணிக்குப் பள்ளிக்கு வரச் சொன்னால் அன்றைய வியாபாரம் போயிற்று. போகாவிட்டால் பிள்ளை வீட்டில். பதிவேட்டில் அது வெறும் 'ஆப்சென்ட்'. 2020 ஜனவரி 9 அன்று சித்தூரில் தொடங்கப்பட்ட, ஆந்திர அரசின் அம்ம ஒடி திட்டம் தாய்க்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்று அறிவித்தது. 75 விழுக்காடு வருகை அதன் நிபந்தனையாக இருந்தது. பள்ளியே திருப்பி அனுப்பிய நாளும் அந்தக் கணக்கில் பிள்ளையின் குறையாகத்தான் நின்றிருக்கும். இது அநீதி.

எழுத்து இருந்தால் நிலைமை மாறுகிறது. தேசிய கீதம் பாடாததற்காக 1985 ஜூலையில் கேரளத்தில் மூன்று பிள்ளைகள் நீக்கப்பட்டார்கள். பள்ளி ஆய்வாளர் சொல்லித் தலைமையாசிரியை நீக்கினார் என்பது வெளிப்படையாக இருந்ததால் தந்தையால் வழக்காட முடிந்தது. 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது; தீர்ப்பை எழுதியவர் ராயலசீமைக்காரரான நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலும், பெற்றோரும் மாணவரும் பல ஆண்டுகள் நடத்திய இயக்கத்தின் பயனாக, 'வேண்டுமென்றே கீழ்ப்படியாமை' என்ற பெயரில் இடைநீக்கம் செய்வதைப் பள்ளி வாரியம் 2013 மே மாதம் கைவிட்டது. அங்கே ஒவ்வோர் இடைநீக்கமும் காரணத்தோடு எண்ணப்பட்டிருந்தது. கறுப்பினப் பிள்ளைகளே அதிகம் தண்டிக்கப்பட்டதை மறைக்க வழியில்லை.

பெரிய வகுப்பில் தனியே நிற்கும் ஆசிரியரின் சிரமம் பொய்யல்ல. எழுதிவைத்த காரணம் அவருக்கும் காப்புத்தான்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதி பெண்கள். பிள்ளை திருப்பி அனுப்பப்பட்ட நாள், காரணம், உத்தரவிட்டவர், திரும்பி வந்த நாள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி ஒவ்வொரு கூட்டத்திலும் படிக்கும்படி அவர்கள் கேட்கலாம். ஆனால் உதவிபெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தக் குழு கட்டாயமில்லை. ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு 16ஆம் பிரிவின் காப்பும் இல்லை. அவ்விரண்டுக்கும் சேர்த்து இப்பதிவைக் கட்டாயமாக்கும் அரசாணையை ஆந்திர அரசு வெளியிட வேண்டும்.