துபாஷிக்கு எப்படி நேரம் கிடைச்சுது?

"டாக்டர், ஓபி, வார்டு, நைட் டியூட்டி எல்லாம் பாத்துட்டு எழுத எப்படிங்க நேரம் கிடைக்குது? எனக்கும் தினம் ரெண்டு வரி எழுதணும்னு ஆசை. நேரமே இல்ல."

இன்பாக்ஸில் அடிக்கடி வர்ற கேள்வி இது. உண்மையைச் சொல்லிடறேன். எனக்கும் கிடைக்கல. நாலு வருஷம் தொடர்ந்து ஜனவரி 1 அன்னிக்கு டைரி ஆரம்பிச்சு, பொங்கலுக்குள்ள மூடி வெச்சவன் நான். என்னைத் திருத்தினது 260 வருஷத்துக்கும் முன்னாடி செத்துப்போன ஒரு மனுஷர். அவரைப் பத்தின இழை இது. கொஞ்சம் நீளம், பொறுமையா வாங்க.

நம்ம வேப்பந்தட்டை தாலுகாவில் இருந்தே ஆரம்பிப்போம். திருச்சி - சென்னை ரோட்டுல போறவங்க ரஞ்சன்குடிக் கோட்டையைக் கட்டாயம் பாத்திருப்பீங்க. 1751-ல் இந்த வாலிகண்டபுரம் பக்கம் ஒரு சண்டை நடந்தது. ஆற்காடு நவாப் பட்டத்துக்கு ரெண்டு பேர் போட்டி. சந்தா சாகிபுக்குப் பின்னாடி பிரெஞ்சுக்காரர்கள், முகமது அலிக்குப் பின்னாடி ஆங்கிலேயர்கள். ஆங்கிலேயப் படை இங்கே பயந்து ஓடினது. ராபர்ட் ஓர்ம்னு ஒருத்தர் அதைத் தன்னுடைய வரலாற்று நூலில் எழுதி வெச்சார், 1763-ல் அச்சாச்சு. எழுதி வெச்சதால தெரியுது.

அந்தப் பிரெஞ்சுப் பக்கத்தின் தலைமையிடமான பாண்டிச்சேரியில், அதே வருஷங்களில், ஒரு தமிழர் தினமும் எழுதிக்கிட்டு இருந்தார். ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-ல் பெரம்பூரில் பிறந்தவர் (நம்ம பெரம்பலூர் இல்லைங்க, சென்னைப் பெரம்பூர்!). 1736 செப்டம்பர் 6-ம் தேதி, 27 வயசுல எழுத ஆரம்பிச்சார். கடைசிக் குறிப்புகள் 1761 ஜனவரியில். கிட்டத்தட்ட 25 வருஷம்.

வேலை வெட்டி இல்லாத ஆளா? கேளுங்க.

1747-ல் இருந்து அவர் கவர்னர் டூப்ளேவின் தலைமை துபாஷி. பேருக்குத்தான் மொழிபெயர்ப்பாளர். கம்பெனிக்குத் துணி வாங்கித் தர்ற வியாபாரிகளோட பேரம் பேசணும். நவாப், பாளையக்காரர்னு வர்ற கடிதங்களுக்குப் பதில் போகணும். ஊர்ப் பஞ்சாயத்து, சாதித் தகராறு எல்லாம் இவர்கிட்டதான் வரும். இது போக சொந்த வியாபாரம், சொந்தமா ஒரு கப்பல். கவர்னரின் மனைவி ழான் அம்மாவோட ஒத்துப்போகாத பகை வேற. 1748-ல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியை முற்றுகை போட்டப்ப ஊர் மேல குண்டு விழுந்தது. அப்பவும் எழுதினார். வேதபுரீசுவரர் கோயிலை இடிச்சதும் அந்த முற்றுகைச் சமயத்தில்தான். அதைப் பத்தி விரிவா நமக்குக் கிடைக்கிறது இவர் எழுத்தில்.

எப்படி முடிஞ்சுது?

அவர் எழுதினதை நீங்க எடுத்துப் பாத்தா ஒரு விஷயம் கண்ணுல படும். முதல்ல தமிழ் வருஷம், மாசம், தேதி, கிழமை. அப்புறம் காலையில் கவர்னர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன். எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி போட்டாங்க, கோட்டையில் இருந்து பதிலுக்கு எத்தனை. என்ன சரக்கு, என்ன விலை. சாயங்காலம் பாக்குக் கிடங்கில் உக்காந்திருந்தப்ப யார் வந்தாங்க, என்ன புரளி சொன்னாங்க. நடுநடுவுல ஜோசியம், தன்னைப் பத்தின பெருமை (அதுக்குக் குறைவே இல்ல). அவரே அதை 'தினப்படி சேதிக்குறிப்பு'ன்னுதான் சொன்னார்.

இது ஒரு வியாபாரியோட நாள்வழிக் கணக்கு. வரவு செலவு எழுதின அதே கை, அதே பழக்கத்தில் பேச்சையும் எழுதுச்சு. எழுத உக்காரும்போது 'இன்னிக்கு எதைப் பத்தி எழுதலாம்?'னு அவர் யோசிச்சிருக்கவே மாட்டார். அன்னிக்குப் பண்ணின வேலைதான் விஷயம். இன்னொண்ணும் எனக்குத் தோணுது. பெரிய இடத்து வேலை. நேத்து சொன்னதை இன்னிக்கு இல்லைன்னு சொல்ற ஆளுங்க நடுவுல இருக்கிறவருக்கு, யார் எப்ப என்ன சொன்னாங்கன்னு குறிச்சு வைக்கிறது ஒரு பாதுகாப்பும்கூட.

லண்டனில் சாமுவேல் பெப்பீஸ்னு ஒரு கடற்படை அதிகாரி 1660-ல் இருந்து 1669 வரை இப்படி எழுதினார். ஆனந்தரங்கரை 'இந்தியாவின் பெப்பீஸ்'னு சொல்றது அதனாலதான். கண்ணு போயிடும்னு பயந்து பெப்பீஸ் நிறுத்திட்டார். 1703 வரை உயிரோட இருந்தார், கண்ணு போகலை. (தலைவலி, கண்வலின்னா முதல்ல கண்ணைக் காட்டுங்கப்பா. இதையும் ஒரு டாக்டரா சொல்லி வைக்கிறேன்.) நம்மாளு அவரைவிட ரெண்டரை மடங்கு வருஷம் எழுதியிருக்கார்.

ஒரு நாள்கூட விடாமலான்னு கேட்டா, இல்லை. நமக்குக் கிடைச்ச குறிப்புகளில் நிறைய இடைவெளி உண்டு. விட்டுட்டு மறுபடி எழுதியிருக்கார். நான் பொங்கலோட மூடி வெச்சேனே, அங்கதான் அவருக்கும் எனக்கும் வித்தியாசம்.

1756-ல் பதவி போச்சு. உடம்பும் சரியில்ல. அப்பவும் குறிப்பு நிக்கல. 1761 ஜனவரி 12-ல் இறந்தார். நாலு நாள் கழிச்சு, பட்டினி கிடந்த பாண்டிச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைஞ்சது. 1846-ல் கல்லுவா மோன்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்ணுல படற வரைக்கும் அந்தக் கட்டுகள் வீட்டுக்குள்ளயே கிடந்தது. 85 வருஷம்! அப்புறம் சென்னை அரசாங்கம் 1904-ல் இருந்து 1928 வரை 12 தொகுதியா ஆங்கிலத்தில் போட்டுச்சு. பிரபஞ்சனோட 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' நாவல்களுக்கு ஆதாரமே இந்தக் குறிப்புகள்தான்.

இப்ப என் கதை.

ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப, என் கண்ணு முன்னாடி இறந்த முதல் நோயாளி ஒரு பையன். பாம்புக்கடி. விடியக்காலை. அவங்கம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு வார்த்தை சொன்னாங்க. என்னைத் திட்டல. அது மட்டும் ஞாபகம் இருக்கு. என்ன சொன்னாங்கன்னு இப்ப ஞாபகம் இல்லை. பையன் பேரும் இல்லை. கேஸ் ஷீட்டில் துடிப்பு, ரத்த அழுத்தம், போட்ட விஷமுறிவு மருந்து, இறந்த நேரம் எல்லாம் நானேதான் எழுதினேன். "எழுதலைன்னா செய்யலைன்னு அர்த்தம்"னு எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பாங்க. அந்த அம்மா சொன்னதை எழுத கேஸ் ஷீட்டில் கட்டம் இல்லை.

பிள்ளைவாளைப் படிச்சப்ப அந்த விடியக்காலைதான் ஞாபகம் வந்தது. பீரங்கி எத்தனைன்னு எழுதினவர், பக்கத்திலேயே யார் என்ன சொன்னாங்கன்னும் எழுதினார்.

அதனால தனியா நேரம் தேடுறதை விட்டுட்டேன். ஓபி முடிஞ்சு கை கழுவிட்டு வந்ததும், அதே மேஜை, அதே பேனா, ஒரு பழைய டைரி. கிழமை, ஓபி எண்ணிக்கை, மழை, யாராவது சொன்ன ஒரு வார்த்தை. அஞ்சு நிமிஷம்கூட ஆகாது. நடுவுல எமர்ஜென்சி வந்தா விட்டுட்டுப் போவேன், மறுநாள் மறுபடி. ஒரு வருஷம் தாண்டியாச்சு. ஓட்டை நாட்கள் நிறைய.

நேத்து எழுதினதை அப்படியே தர்றேன்:

"புதன். ஓபி 187. மழை இல்லை. நாய்க்கடி 3. பருத்திக்கு மருந்து அடிச்சு மயங்கி வந்தவர் தேறிட்டார், நாளைக்கு அனுப்பலாம். சக்கரை மாத்திரை வாங்க வந்த பாட்டி சொன்னது: 'மாத்திரை போட்டா பசிக்குது சாமி. சோறு வேணும்னா வெங்காயம் விக்கணும். உன் போன்ல இன்னிக்கு என்ன வெலன்னு பாத்துச் சொல்லு.' பாத்துச் சொன்னேன். 'அப்ப இந்த மாசத்துக்கு மாத்திரை அரையா உடைச்சுப் போட்டுக்கறேன்'னாங்க. உடைக்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கு."