டர்போ சி ஏன் இத்தனை வருடம் நின்றது?

தமிழ்நாட்டில் 90-களிலும் 2000-களிலும் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் லேப் முடித்தவர்களைக் கேட்டால், பெரும்பாலும் ஒரு நீல நிற ஸ்க்ரீனைத்தான் சொல்வார்கள். அது போர்லாண்ட் கம்பெனியின் டர்போ சி++. மேலே 'கிராபிக்ஸ்.எச்', உள்ளே 'இனிட்கிராஃப்' என்று ஒரு வரி. அவ்வளவுதான், 640-க்கு 480 புள்ளிகளும் 16 நிறங்களும் கைக்கு வந்துவிடும்!

இதைத் தேர்ந்தெடுக்க நியாயமான காரணங்கள் இருந்தன.

முதலாவது மெஷின். 1991-ல் வந்த டர்போ சி++ 3.0 பழைய 386-லும் ஓடும். தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். 1992-ல் சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனம் ஓபன்ஜிஎல்-ஐ வெளியிட்டது உண்மைதான். ஆனால் அந்த நிறுவனத்தின் ஒர்க்ஸ்டேஷனை வாங்குவது சாதாரணக் கல்லூரிக்குக் கட்டுப்படியாகாது.

இரண்டாவது பாடம். ஐபிஎம்மில் பிரெசன்ஹாம் 1962-ல் உருவாக்கிய கோடு வரையும் முறையில் முழு எண் கணக்கு மட்டும்தான். அடுத்த புள்ளி நேரே பக்கத்திலா, ஒரு படி மேலேயா என்று ஒவ்வொரு அடியிலும் முடிவெடுக்க வேண்டும். 'புட்பிக்சல்' கொண்டு புள்ளி புள்ளியாக வைக்கும்போது அந்தக் கணக்கு கண்ணெதிரே கோடாகிறது. புரிவதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

மூன்றாவது பரீட்சை. மதுரை வட்டாரப் பொறியியல் கல்லூரிகள் முன்பு காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 2001-ல் மாநிலம் முழுவதும் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. தன்னாட்சிக் கல்லூரிகள் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஒரே பாடத்திட்டம். அப்படியானால் வசதி குறைந்த லேபிலும் ஓடுகிற கருவிதானே எல்லோருக்கும் தோது?

பிறகு நிலைமை மாறியது. ஓபன்ஜிஎல் போலவே இயங்கும் இலவச 'மெசா' 1995-லேயே வந்துவிட்டது. 2005-ல் சென்னையில் சி-டாக்கும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி மையமும் சேர்ந்து கட்டற்ற மென்பொருளுக்கென்றே தேசிய மையம் தொடங்கின. ஹெர்ன் - பேக்கர் பாடப்புத்தகமும் மூன்றாம் பதிப்பில் ஓபன்ஜிஎல்-க்கு மாறியது. ஆக, பணம் இனி தடையில்லை.

ஆனாலும் பல லேப்களில் டர்போ சி அசையவில்லை. ரெக்கார்டு நோட்டு, வைவா கேள்வி, ஆசிரியரின் பழக்கம் எல்லாம் அதற்கே பழகிவிட்டிருந்தன. 64-பிட் விண்டோஸ் 16-பிட் புரோகிராம்களை ஏற்காது என்றானதும், டாஸ்பாக்ஸுக்குள் வைத்து ஓட்டினார்கள். கருவியைப் புதுப்பிக்காமல் கம்ப்யூட்டரைப் பழசாக்கினார்கள்!

நஷ்டம் மாணவருக்குத்தான். லேபில் முழு மார்க் வாங்கிய புரோகிராம், வேலைக்குப் போன இடத்தில் கம்பைல் கூட ஆகாது.

மாறியவர்களும் நிம்மதியாக இருக்க முடியவில்லை. ஓபன்ஜிஎல்-ன் பழைய வரைமுறையை 2008-ல் வந்த 3.0 பதிப்பு 'நீக்கப்படும்' என்று குறித்தது. 2009-ல் 3.1 நீக்கியே விட்டது. 2011-ல் வெப்ஜிஎல் வந்தபின் பிரவுசரே போதும் என்றாயிற்று.

கருவிகள் இப்படிப் போய்க்கொண்டே இருக்கும். பிரெசன்ஹாமின் கணக்கு மட்டும் 1962-ல் இருந்தபடியே இருக்கிறது. வைவாவில் 'இனிட்கிராஃப்' எதற்கு என்று கேட்பதை விட்டு, அந்தக் கணக்கை விளக்கச் சொன்னால் போதும். எந்தக் கருவியில் படித்த மாணவரும் பிழைத்துக்கொள்வார்.